பதினொரு நாளும் பன்னிரண்டு வருடமும்

1

இன்று அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசம். எங்கள் ஊர் ஆரையம்பதியில் மதியப் படையல் வைக்கிற நேரத்தில் நோர்வேயில் எனக்குக் காலை எட்டு மணி. ஆய்வுகூடத்துக்கு வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, துடைப்பமும் வாளியும் வைத்திருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்தக் கட்டடத்தில் ஆள் வராத இடம் அது ஒன்றுதான். இருபத்திரண்டு வருடமாக நான் அழுகிற இடமும் அதுதான்.

கைபேசித் திரையில் நிர்மலா வந்தாள்.

"தெரியுதா மச்சாள்? இஞ்ச பாருங்க, மாமிட படத்துக்குப் பூ வச்சிரிக்கன். மாமிக்கு விருப்பமெண்டு பிலாக்கொட்டைக் கறியும் ஆக்கியிரிக்கி."

"தெரியுது. நீ சாப்பிட்டியா?"

"நல்ல கேள்விதான் போங்க. படைக்காம எப்பிடிச் சாப்பிடுற?"

நிர்மலா என் தம்பி சதீஸின் மனைவி. மனைவியாக இருந்தவள் என்று எழுதவேண்டும். கை பழக்கதோஷத்தில் பழையபடியே எழுதுகிறது. அவளுக்குக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவளுடைய இப்போதைய கணவர். முன்னாள் மாமியாருக்கு, இந்நாள் கணவனையும் கூட்டிக்கொண்டு வந்து திவசம் செய்கிறாள். பெற்ற மகள் நான் வாளிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

ஊரில் உங்களில் சிலருக்கு என்னைக் கதை எழுதுகிறவளாகத் தெரியும். பௌதிகம் படித்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் விஞ்ஞானக் கதையும் எழுதுகிறாள் என்று சொல்வீர்கள். இது கதையில்லை. நான் எழுதிய கதையொன்று என் வீட்டுக்குள் நுழைந்து என்ன செய்தது என்பதை ஒருதரமாவது நேராகச் சொல்லவேண்டும். அம்மா இருக்கும்வரை சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

என் தொழில் நேரத்தை அளப்பது. பூமியின் பாரத்துக்குக் கிட்ட இருந்தால் நேரம் மெதுவாகப் போகும். தரையில் வைத்த மணிக்கூடு, மேசைமேல் வைத்த மணிக்கூட்டைவிட ஒரு துளி பிந்தும். அந்தத் துளியை அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை முதல்முதலில் தொலைபேசியில் அம்மாவுக்கு விளக்கியபோது அவள் திருப்பிக் கேட்டாள்.

"அப்ப தரையில படுக்கிறவனுக்கு வயசு மெதுவாத்தான் போகும்?"

"ஓம் அம்மா. ஆனா நாம கண்டுபிடிக்கேலாது. அவ்வளவு சின்னது."

"சின்னதெண்டாலும் உண்மைதானே. கட்டில் வேணுமெண்டு நிண்டாரே உன்ட அப்பா, அவருக்கு இதச் சொல்லாமப் போயிட்டமே."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இங்கே என் மாணவர்கள் சிலர் ஒரு தவணை முழுக்கப் படித்தும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதில்லை. அன்றிலிருந்து சந்தையிலும் கோயிலிலும் என் உத்தியோகத்தைக் கேட்பவர்களிடம், "மகள் நேரம் அளக்கிறாள்" என்று சொல்லத் தொடங்கினாள். மகள் சொன்னால் பிழைக்காது என்பதும் அதற்குள் அடக்கம்.

3

சதீஸ் எனக்கு ஒன்பது வயது இளையவன். அவனுக்கு நடை பழக்கியது நான், நீச்சல் பழக்கியது வாவி. பள்ளிக்கூடத்தால் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே வாசல் படலையில் நின்று கத்துவான்: "அக்கா எங்கம்மா?" நான் பல்கலைக்கழகம் போன பிறகும் அதே கேள்வி. நான் நோர்வேக்கு வந்து, அவனுக்கு மீசை முளைத்து, தோணியில் போய் வலை வீசி மீனோடு வருகிற ஆளான பிறகும் அதே கேள்வி. அம்மா சலித்துப்போவாள்.

"கொக்காவ அடுப்புக்குள்ள வச்சிரிக்கன். போய்ப் பாரு."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீடு பெண் பிள்ளைக்கு. ஆண் பிள்ளை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடவேண்டும். ஆரையம்பதி வீட்டை எனக்கென்று எழுதிவைத்தார்கள். நான் அதில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. சதீஸ் குருக்கள்மடத்தில் நிர்மலாவின் வீட்டுக்குப் போனான். அம்மா எனக்கெழுதிய வீட்டில் எனக்குக் காவலிருந்தாள். இப்படியாக, அந்த வீட்டில் இருக்க ஆசைப்பட்டவனுக்கு அது இல்லை, அது சொந்தமானவள் அதில் இருக்கவேயில்லை.

அவனுக்கு இங்கே நோர்வேக்கு ஒருதரம் வந்து பார்க்க ஆசை. வந்தால் ஏதாவது வழி பிறக்கும் என்ற எண்ணமும் இருந்திருக்கும். அதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அழைப்புக் கடிதம் எழுதியதும் விசா விண்ணப்பம் நிரப்பியதும் நான்தான். அதில் தொழில் என்றொரு பெட்டி.

"எலக்ட்ரீசியன் எண்டு போடுங்கக்கா."

"சேர்டிபிக்கட் இரிக்கா?"

"அது இல்ல. ஆனா ஊரில பாதி வீட்டுக்கு வயர் இழுத்தது நான்தானே."

"இஞ்ச அப்பிடி ஏலாதுடா. பிறகு கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

நிரந்தரத் தொழில் இல்லை என்று தெளிவாக, அழகான எழுத்தில் எழுதினேன். வந்தவர் திரும்பிப் போவாரென்று நம்பப் போதிய காரணமில்லை என்று இரண்டு பந்தியில் பதில் வந்தது. அதை அவனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் நான்தான். அவன் கோபிக்கவில்லை. "பரவாயில்லக்கா, நீங்க கணக்கா எழுதுற ஆள்தானே" என்றான். இந்த ஒரு வசனத்தை நினைத்து நான் அந்த வாளி அறைக்குள் எத்தனை தரம் போயிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

ஐந்து மாதம் கழித்து அவுஸ்திரேலியாவுக்கென்று புறப்பட்ட படகொன்றில் ஏறினான். எனக்குச் சொல்லவேண்டாமென்று நிர்மலாவிடம் சொல்லியிருந்தான். "போய்ச் சேந்த பிறகு அக்காக்குச் சொல்லுவம். இப்ப சொன்னா அதுக்கும் ஒரு ஃபோர்ம் நிரப்பச் சொல்லுவா." படகில் நாற்பது பேர்வரை. போய்ச் சேரவுமில்லை, திரும்பி வரவுமில்லை. ஒரு பலகைகூடக் கரையொதுங்கவில்லை. நாங்கள் கேட்காத இடமில்லை. எல்லா இடத்திலும் அன்பாகத்தான் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

4

நான்கு வருடம் கழித்து அந்தக் கதையை எழுதினேன்.

ஒரு படகு. கடலுக்கடியில் மிகப் பாரமான ஒன்று கிடக்கிறது. அதற்கு மேலாகப் படகு போகும்போது அங்கே நேரம் மெதுவாகிவிடுகிறது. படகில் இருப்பவர்களுக்குப் பதினொரு நாள். கரையில் இருப்பவர்களுக்குப் பன்னிரண்டு வருடம். பயணத்தைக் கைவிட்டுத் திரும்பிவருகிறார்கள். படகு மணலில் தட்டுகிறது. ஓர் இளைஞன் முழங்கால் தண்ணீரில் குதிக்கிறான். கரையில் தலை நரைத்த ஒரு பெண் நிற்கிறாள். கதை அத்தோடு முடிந்தது. பதினொரு நாள் பன்னிரண்டு வருடமாவதற்கு நேரம் எத்தனை மடங்கு மெதுவாகவேண்டும் என்று சரியாகக் கணக்குப் பார்த்துத்தான் எழுதினேன். கணக்கைக் கதைக்குள்ளும் வைத்தேன்.

ஒரு வரியை மட்டும் வெட்டினேன். அவ்வளவு பாரம் கடலுக்கடியில் இருந்தால் கடலும் மிஞ்சாது, பூமியும் மிஞ்சாது என்ற வரி. முதற்பிரதியில் இருந்தது. கதையைக் கெடுக்கிறது என்று தோன்றியதால் எடுத்துவிட்டேன். நல்ல திருத்தம் என்று எனக்கே நான் சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இங்கிருந்து வரும் சிற்றிதழொன்றில் அது அச்சானது. கதையின் கீழே ஒரு கட்டம் போட்டு, எழுதியவர் நேரத்தை அளக்கும் பௌதிகவியலாளர் என்று அச்சடித்திருந்தார்கள். பெருமையோடு இரண்டு பிரதி ஊருக்கு அனுப்பினேன். அம்மாவின் கண்ணில் அப்போது வெள்ளை படர்ந்திருந்தது. நிர்மலாதான் வாசித்துக் காட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசினாள்.

"மகள், நிர்மலா வாசிச்சாள். மூண்டு தரம் வாசிக்கச் சொன்னன்."

"எப்பிடி அம்மா?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவர்களுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வாயில் வரும்.

"இது நீ படிச்சதா, உண்டாக்கினதா?"

அந்த நான்கு வருடமும் அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பேசினால் முதல் வார்த்தையிலேயே அழுவாள். அன்றைக்கு அவள் குரலில் அழுகையில்லை. ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிற குரல். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது.

"கணக்குச் சரி அம்மா," என்றேன்.

"ஆ," என்றாள். "அப்ப இன்னும் எட்டு வருஷம்."

5

பகிடி என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் விளங்கிவிட்டது. அம்மா சாப்பிடத் தொடங்கினாள். அதுவரை பிடிவாதமாக மறுத்த கண் சத்திரசிகிச்சைக்குத் தானே நாள் கேட்டுப் போனாள்; "அவன் வந்து நிண்டா முகம் தெரியோணுமே." அவனுடைய சேட்டுகளைத் தோய்த்து மடித்து வைத்தாள். அவனுக்குப் பதினொரு நாள்தானே, அளவு மாறாது. நிர்மலாவிடம் ஒருநாள் சொன்னாளாம், "அவன் போன மாதிரியே வருவான் புள்ள. நீதான் உடம்பப் பாத்துக்கொள்ளோணும்." நிர்மலா இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் பேச்சை மாற்றினோம்.

விண்ணப்பத்தில் உண்மையை எழுதித் தம்பியைத் தொலைத்தேன். கதையில் பொய்யை எழுதி அம்மாவைச் சாப்பிட வைத்தேன். இதில் எதைத் திருத்துவது? அடுத்த வருடம் சொல்லலாம், அடுத்தமுறை போகும்போது நேரில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

இடையில் என் மகள் மீராவுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். இருப்பவர்களுக்குப் பச்சை இலை, இறந்தவர்களுக்கு மஞ்சள் இலை. மாமாவுக்கு எந்த நிறம் என்று நோர்வே மொழியில் கேட்டாள். அவள் என்னோடு பேசுவது அந்த மொழியில்தான். தமிழ் காதால் விளங்கும், வாயால் வராது. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் அந்த இலையை வெட்டி எடுத்துவிட்டாள். இடம் போதாது என்று சொன்னாள். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஒருநாளும் காணாத மாமா.

6

பத்தாம் வருடம் நிர்மலா தொலைபேசியில் வந்தாள்.

"மச்சாள், ஒரு விசயம். கோவிக்கப்படாது."

களுவாஞ்சிகுடியில் ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், இவளுக்கும் சம்மதம். சதீஸ் போகும்போது அவளுக்கு வயது இருபத்தாறு; அப்போது முப்பத்தாறு. பதிவுத் திருமணத்துக்குச் சதீஸின் மரணப் பத்திரம் வேண்டும். அதற்குத் தாயும் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் நல்லதென்று செயலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா மாட்டேனென்று நிற்கிறாள்.

"மாமி என்ன சொல்றா தெரியுமா? 'சத்தியக்கடதாசியில பொய் எழுதச் சொல்றியா? இன்னும் ரெண்டு வருஷம்தானே புள்ள. உன்ட வீட்டில வேற ஒருத்தர் இருந்தா, வந்து இறங்குறவன் எந்தப் படலையால போவான்?' எண்டு கேக்கிறா. நான் என்னத்தச் சொல்லுற?"

"நீ கதையெண்டு சொல்லல்லையா?"

"வாசிச்சதே நான்தான் மச்சாள். அண்டைக்கே சொல்லியிருக்கலாம். மூண்டாம் தரம் வாசிச்சு முடிய, மாமி எழும்பிப் போய்ச் சோத்தப் போட்டுப் பிசைஞ்சு திண்டா. நாலு வருஷத்துக்குப் பிறகு. அதப் பாத்திட்டு எந்த வாயால சொல்லுற? இப்ப சொன்னா, எனக்கு அவசரம் அதுதான் சொல்லுறன் எண்டு நினைப்பா. நீங்க சொன்னாத்தான் சரி."

அடுத்த கிழமை ஊருக்குப் போனேன். அம்மா எனக்காக இறால் வாங்கி வைத்திருந்தாள். காத்தான்குடிக்குப் போய் மீராவுக்கென்று துணியும் எடுத்திருந்தாள். சாப்பிட்ட கையோடு சொல்லாவிட்டால் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. நிர்மலா குசினிக்குள் நின்றாள். அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

"அம்மா, அந்தப் படகுக் கதை."

"ஓம்."

"படிச்சதில்ல அம்மா. நான் உண்டாக்கினது."

அம்மா என்னைப் பார்த்தாள். சத்திரசிகிச்சை செய்த, நன்றாகத் தெரிகிற கண்.

"கணக்கு?"

"கணக்குச் சரி. ஆனா அப்பிடியொரு பாரம் கடலுக்குள்ள இரிக்கேலாது. இருந்தா கடலே இரிக்காது. அந்த வரிய நான் வெட்டிட்டன்."

"ஏன் வெட்டினாய்?"

"கதை நல்லா இரிக்கட்டுமெண்டு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா சேலைத் தலைப்பை எடுத்து மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"நல்லா உண்டாக்கியிருந்தாய்," என்றாள்.

ஏசியிருக்கலாம். இரண்டு அடி அடித்திருக்கலாம். நான் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். ஐம்பது வயதுப் பெண், பௌதிகவியலாளர். அவள் அழவில்லை, என் தலையில் கையை வைத்திருந்தாள், அவ்வளவுதான். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "நிர்மலா, நாளைக்கே போவம் புள்ள," என்றாள்.

மறுநாள் சமாதான நீதவானின் வீட்டு விறாந்தையில் கையெழுத்து வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி வைத்தாள். என் மகன் இறந்துவிட்டான் என்று நம்புகிறேன் என்ற வரியை வாசித்துக்காட்டியபோது, இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாள்.

திரும்பி வரும்போது முச்சக்கரவண்டியில் நான் நடுவில் இருந்தேன். இந்தப் பக்கம் நிர்மலா சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். அந்தப் பக்கம் அம்மா கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மகள், கதைதானே அது?"

"ஓம் அம்மா."

"அப்ப ஒண்டு கேக்கிறன். இறங்கின பிறகு அவன் என்ன சொன்னான் எண்டு நீ எழுதல்லையே. அத மட்டும் எழுதி அனுப்பு. நிர்மலா வாசிப்பாள்."

"போன உடன எழுதுறன் அம்மா."

7

அம்மா அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள்.

ஏழு மாதத்தில் ஒரு பக்கம் எழுத எனக்கு முடியவில்லை. வந்ததும் ஆய்வுகூடத்தில் ஒரு கருவி பழுது. பிறகு ஆண்டறிக்கை. பிறகு மீராவின் பரீட்சை. பேசும்போதெல்லாம் அம்மா கேட்டாள், "எழுதிட்டியா மகள்?" "இந்தக் கிழமை எழுதுறன் அம்மா." மூன்றாம் மாதத்துக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நிர்மலாவின் கலியாணத்துக்குப் போய் முன்வரிசையில் இருந்தாளாம். சாப்பாடு மட்டும் பழையபடி குறைந்துவிட்டது. சதீஸின் சேட்டுகளை ஒவ்வொன்றாக யார் யாருக்கோ கொடுத்தாள். காய்ச்சலென்று படுத்தவள் நான்காம் நாள் போய்விட்டாள். நான் எட்டாம் நாள் சடங்குக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

நிர்மலாவிடம் கேட்டேன், கடைசியில் ஏதாவது சொன்னாளா என்று.

"'கடிதம் ஏதும் வந்ததா?' எண்டு கேட்டா மச்சாள். அவ்வளவுதான்."

கணக்குப்படி பன்னிரண்டு வருடம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. விரல் விடாமல், யோசிக்காமல், எந்த நேரம் கேட்டாலும் இதை என்னால் சொல்ல முடிகிறது. அந்தக் கதையைப் பொய்யென்று சொன்னவளே நான்தான்.

இன்று வேலையால் நேரத்தோடு வந்து, சமையலறை மேசையில் கடதாசியோடு உட்கார்ந்தேன். மீரா பள்ளிக்கூடத்தால் வந்து, என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். முழுக்கச் சொன்னேன், இதுவரை சொல்லாததையும். அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். இது அவள் வழக்கமில்லை. கடைசியில், அப்படியென்றால் மாமா இறங்கியதும் என்ன சொல்லியிருப்பார் என்று அவளும் கேட்டாள்.

எனக்குத் தெரியும். எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே தெரியும். கதையை அந்த இடத்தில் நிறுத்தியதும், ஏழு மாதம் எழுதாமல் விட்டதும் அதனால்தான். கருவியும் அறிக்கையும் பரீட்சையும் வெறும் சாட்டு. இப்போது எழுதுகிறேன், அம்மா.

படகு மணலில் தட்டுகிறது. சதீஸ் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் குதிக்கிறான். போனபடியே இருக்கிறான். கரையேறி வருகிறான். நரைத்த தலையோடு நிற்பது யாரென்று அவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. வந்து கையைப் பிடிக்கிறான். பிடித்துக்கொண்டே அம்மாவுக்குப் பின்னால், வீட்டுப் படலை இருக்கும் பக்கமாக எட்டிப் பார்க்கிறான்.

"அக்கா எங்கம்மா?"

அம்மா சொல்லவேண்டிய பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.